எந்த வண்டியில் வருகிறீர்கள்?

போனில் ரூம் கேட்கிறவர்கள் எடுத்த எடுப்பில் வாடகையைத்தான் கேட்பார்கள். நான் பதிலுக்கு, "எந்த வண்டியில வர்றீங்க, எந்த வண்டியில திரும்புறீங்க?" என்று கேட்பேன். சிலருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "அது எதுக்கு அண்ணாச்சி உங்களுக்கு? ரேட்டைச் சொல்லுங்க" என்பார்கள். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேனிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் லாட்ஜ் லாட்ஜாக ரிசப்ஷனில் உட்கார்ந்து நரைத்தவன் நான். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ரூம் பாயாகச் சேர்ந்து, பக்கெட் தூக்கி, பிறகு லெட்ஜர் எழுதி, மேனேஜர் என்று பெயர் வாங்கியவன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். கட்டில், ஃபேன், ஒரு டி.வி., ஒரு வாளி, ஒரு மக் என்று சின்ன லாட்ஜில் எல்லா ரூமும் ஏறக்குறைய ஒன்றுதான். காசு ஏறுவதும் இறங்குவதும் நேரத்தில். அந்த நேரத்தை வைத்துத் திட்டம் போட்டு வருகிறவர் ஒரு நாள் வாடகையில் காரியத்தை முடித்துப் போகிறார். போடாதவர் அதே ரூமுக்கு இரண்டு நாள் வாடகை கட்டிவிட்டு, சென்னைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று ஊரில் போய்ச் சொல்கிறார்.

தென் மாவட்டத்து ராத்திரி வண்டிகள் எழும்பூருக்குள் வருவது விடிகாலை 4 மணியிலிருந்து 8 மணிக்குள். பாண்டியன், நெல்லை, கன்னியாகுமரி, முத்துநகர், மலைக்கோட்டை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். காந்தி இர்வின் சாலையைத் தாண்டி, பையைத் தோளில் போட்டபடி தூக்கக் கண்ணோடு கூட்டம் சந்துக்குள் வரும். அதே வண்டிகள் திரும்பிக் கிளம்புவது சாயங்காலம் 5 மணியிலிருந்து நள்ளிரவுக்குள். ஆக எங்கள் ரூம்கள் ராத்திரி 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் காலியாகும், காலை 5 மணிக்கு நிரம்பும். இடையில் இருக்கிற சில மணி நேரத்தில், பகலெல்லாம் ஓடிக் களைத்த ரூம் பாய்தான் விரிப்பை மாற்றி, பாத்ரூமைக் கழுவி, குப்பைக் கூடையைக் காலி செய்து வைக்கிறான். விடிகாலை ரூம் சுமாராக இருந்தால் காரணம் இதுதான். பகல் 2 மணிக்கு வருகிறவருக்குக் கிடைக்கிற சுத்தம் காலை 5 மணிக்கு வருகிறவருக்குக் கிடைப்பது கஷ்டம்.

வாடகைக் கணக்கில் இரண்டு முறை உண்டு. ஒன்று 24 மணி நேரம், இன்னொன்று பகல் 12 மணி செக்-அவுட். இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கட்டுகிறவர்கள்தான் கவுண்டரில் சண்டை போடுகிறவர்கள். திங்கட்கிழமை காலை 5 மணிக்கு வந்து, அன்றைக்கே இரவு 9 மணி வண்டிக்குக் கிளம்பப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 24 மணி நேர லாட்ஜில் 16 மணி நேரம்தான் ஆகிறது, ஒரு நாள் வாடகை. 12 மணி லாட்ஜில் காலை 5 மணியிலிருந்து பகல் 12 மணி வரை ஒரு நாள், 12 மணியிலிருந்து இரவு வரை இன்னொரு நாள். அதே 16 மணி நேரத்துக்கு இரண்டு வாடகை. பகல் 2 மணி வாக்கில் வைகை எக்ஸ்பிரஸில் வந்து மறுநாள் காலையிலேயே கிளம்புகிறவருக்கு இரண்டு முறையும் ஒன்றுதான். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி 9 மணிக்கு வந்து, முகூர்த்தம் முடித்து, மண்டபத்தில் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, மறுநாள் இரவு வண்டி ஏறுகிறவருக்கு 24 மணி நேர லாட்ஜைத் தவிர வேறெதுவும் கட்டுப்படியாகாது.

24 மணி நேரம் முடிந்து ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் பெரும்பாலும் கண்டுகொள்ள மாட்டோம். அதைப் போர்டில் எழுத மாட்டோம். எழுதினால் அந்த ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்னொரு மணி நேரம் கேட்பார்கள். முதலிலேயே, "அண்ணாச்சி, வண்டி பத்து மணிக்கு, எட்டு மணிக்குப் பதிலா ஒம்பதுக்குக் காலி பண்ணிக்கிறேன்" என்று சொல்லிவைக்கிறவரை யாரும் விரட்டுவதில்லை.

குளித்து, வேட்டி மாற்றி, நேராகக் கோர்ட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய், அப்படியே ராத்திரி வண்டி ஏறப் போகிறவருக்கு முழு நாள் ரூமே தேவையில்லை. பல லாட்ஜில் அரை நாள் வாடகை உண்டு, வாய்விட்டுக் கேட்டால்தான் சொல்வோம். ரயில் நிலையத்திலேயே ஓய்வறையும் டார்மிட்டரியும் உண்டு, பி.என்.ஆர். எண்ணை வைத்து முன்பதிவு செய்யலாம். பெட்டியைப் பொருள் காப்பறையில் போடலாம், ஆனால் பூட்டுப் போட்ட பெட்டியைத்தான் வாங்குவார்கள். கட்டைப்பையோடு வந்து காப்பறை வாசலில் நின்று, பிறகு எங்களிடம் வந்து, "பூட்டு எங்க கிடைக்கும்?" என்று கேட்டவர்கள் ஏராளம்.

நான் வந்த புதிதில் எங்கள் பெரிய வாடிக்கை கோர்ட்டுக் கட்சிக்காரர்கள். மதுரைக்குத் தெற்கே எந்த ஊரில் நிலத் தகராறு என்றாலும் அப்பீலுக்குச் சென்னை ஹைகோர்ட்டுக்குத்தான் வர வேண்டும். வாதியும் பிரதிவாதியும் ஒரே வண்டியில் வந்து, ஒரே லாட்ஜில் வேறு வேறு மாடியில் தங்கி, ஒரே டீக்கடையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று டீ குடித்ததைப் பார்த்திருக்கிறேன். 2004 ஜூலையில் மதுரையில் ஹைகோர்ட் கிளை திறந்தார்கள். தென் மாவட்டத்து ஜனங்களுக்கு எவ்வளவோ அலைச்சல் மிச்சம். எங்கள் சந்துக்கு வாரத்தில் ஐந்து நாள் வியாபாரம் போயிற்று.

அடுத்த அடி இன்ஜினீயரிங் கவுன்சலிங். ஜூன், ஜூலை வந்துவிட்டால் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அப்பா, அம்மா, சில சமயம் தாய்மாமா என்று நான்கு பேராக வருவார்கள். கட்டிலில் அம்மாவும் பிள்ளையும், தரையில் பாய் போட்டு மற்றவர்கள். கல்லூரிகளின் பெயர் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு ராத்திரி பூரா பேச்சு. "தம்பி, நீங்க எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருப்பீங்க, எந்தக் காலேஜ் நல்லது?" என்று ரிசப்ஷனில் என்னைக் கேட்பார்கள். பத்தாவதோடு நிறுத்தியவனிடம்! 2018இல் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போனது. அந்த ஆண்டு ஜூலையில் எங்கள் சாவிப் பலகையில் பகலிலும் பாதிச் சாவி தொங்கியது.

போகாமல் இருப்பது ஆஸ்பத்திரிக் கூட்டம். 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையும் குழந்தைகள் மருத்துவமனையும் எழும்பூரிலேயே இருக்கின்றன. சென்ட்ரல் எதிரே பெரிய ஆஸ்பத்திரி ஒரே ஒரு ஸ்டேஷன் தூரம். எழும்பூரில் மின்சார ரயில் ஏறி அடுத்த பார்க் நிலையத்தில் இறங்கினால் எதிரிலேயே வாசல். இவர்களிடம் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டுப் பயனில்லை, அது டாக்டர் கையில். அதனால் அட்வான்ஸை நாள் நாளாகத்தான் வாங்குவோம். மொத்தமாகக் கட்டுகிறேன் என்று சொன்னாலும் வேண்டாம் என்பேன். திடீரென்று "நாளைக்கே ஊருக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டால், பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

அமைதியான வாடிக்கை என்றால் ஆராய்ச்சிக்காரர்கள். ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் சிவப்புக் கட்டடமாகத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. பழைய காகிதம் படிக்க வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்குவார்கள். மூன்றாவது மாடி, உள்பக்கம், நான் ஏசி, மேஜை ஒன்று. அதற்கு மேல் எதையும் கேட்க மாட்டார்கள். வாரக் கணக்குக்கு வாடகையைக் குறைத்துக் கொடுப்பது எங்களுக்கும் லாபம். தினமும் ரூம் கழுவி ஆள் மாற்றுகிற செலவு மிச்சம். நீண்ட நாள் தங்கப் போகிறவர் கேட்க வேண்டியது, "ஒரு நாளைக்கு எவ்வளவு குறைப்பீங்க?" என்பதல்ல. "வாரத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டால் பேச்சே வேறு மாதிரி போகும்.

இலங்கைத் தமிழர்கள் வருவார்கள். விசா வேலை, வைத்தியம், கல்யாணப் புடவை. பாஸ்போர்ட், விசா பக்கம் இரண்டையும் நகல் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் சி ஃபாரம் ஆன்லைனில் ஏற்றியாக வேண்டும். சின்ன லாட்ஜ்கள் சிலவற்றில் இந்த வேலைக்குப் பயந்தே "ரூம் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு முன்பே போனில், "சி ஃபாரம் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டால், பெட்டியோடு சந்து சந்தாக அலைய வேண்டியதில்லை.

இனி இடம். எழும்பூரில்தான் தங்க வேண்டும் என்று நான் யாரையும் பிடித்து இழுத்ததில்லை. முதலாளி காதில் விழாமல் திருப்பி அனுப்பியதே நிறைய. அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு வருகிறவர் எங்களிடம் தங்கி, தினமும் காலையில் நோயாளியைக் கூட்டிக்கொண்டு நகரத்தைக் குறுக்கே கடப்பது பாவம். அந்தப் பக்கமே வார வாடகை ரூம் தேடச் சொல்வேன். கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரி என்றால் அதைச் சுற்றியே தங்கும் இடங்கள் இருக்கின்றன. வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் சமைத்துச் சாப்பிடுகிற வசதியோடு தங்குவது அங்கேதான். பாரிமுனையில் மொத்தக் கொள்முதல் என்றால் மண்ணடி. வேலை தேடி வந்து மாதக்கணக்கில் இருக்கப் போகிற பையன் என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன். தி.நகரில் ஜவுளி, நகை எடுக்க மட்டும் வருகிறவர்களுக்கு எழும்பூர் சரி. மாம்பலம் மின்சார ரயிலில் நான்கு ஸ்டேஷன் தள்ளி, பைகளோடு திரும்பி வந்து ராத்திரி வண்டி ஏற வசதி. 2018 மே மாதம் எழும்பூருக்கு மெட்ரோ வந்தபிறகு கோயம்பேடு, வடபழனி, அசோக் நகர் பக்கம் வேலை இருப்பவர்களும் இங்கே தங்கலாம். விமான நிலையத்துக்கு ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம்.

பஸ்ஸில் வருகிறவர்கள் கணக்குத்தான் அடியோடு மாறிப்போனது. 2002 வரை பாரிமுனை, பிறகு கோயம்பேடு, 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தென் மாவட்டத்து பஸ்ஸுக்குக் கிளாம்பாக்கம். எழும்பூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பஸ் 4 மணிக்குக் கிளாம்பாக்கம் வந்துவிடும் என்று ரூமை 4 மணியிலிருந்து போட்டு வைத்தால், இங்கே வந்து சேரும்போது 6 ஆகியிருக்கும். 24 மணி நேர லாட்ஜில் அந்த இரண்டு மணி நேரம் மறுநாள் தேவைப்படும். வந்து சேரும் நேரத்தைச் சொல்லி ரூம் போடுங்கள், பஸ் நிற்கும் நேரத்தைச் சொல்லி அல்ல.

சரி, வந்தாயிற்று. ரூமைப் பார்க்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். இதைச் சொல்கிற மேனேஜர் நானாகத்தான் இருப்பேன். களைத்து வருகிறவருக்கு எந்தச் சாவியைக் கொடுப்போம் தெரியுமா? லிஃப்டை ஒட்டிய ரூம், தண்ணீர் மோட்டாருக்கு மேலே உள்ள ரூம், சாலையைப் பார்த்த முதல் மாடி ரூம். கண் சொருகுகிறவர் குறை சொல்ல மாட்டார். மேல் மாடி, உள்பக்கம், மூலை ரூம்களின் சாவியைத் தெரிந்த வாடிக்கைக்காகப் பலகையின் ஓரத்தில் மாட்டி வைத்திருப்போம். "வேற ரூம் பார்க்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், இரண்டாவது சாவி எப்போதும் முதல் சாவியைவிட நன்றாக இருக்கும்.

ரூமுக்குள் போனதும் டி.வி.யைப் போட்டுப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் போனால் முதலில் மெத்தையைத் தூக்குவேன். தலைமாட்டுப் பக்கத்து மூலையில் விரிப்பை உருவி, மெத்தையின் ஓரத்தில் நாடா வைத்துத் தைத்திருக்கிற தையலை விரலால் பிரித்து, போன் டார்ச்சை அடித்துப் பார்க்க வேண்டும். மூட்டைப்பூச்சி இருந்தால் அந்தத் தையலில் பேனா முனையால் புள்ளி வைத்தது போலக் கறுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும். அது பூச்சியின் கழிவு. விரிப்பில் துருப்பிடித்த நிறத்தில் சின்னச் சின்னத் தீற்றல் இருந்தால், யாரோ தூக்கத்தில் புரண்டு பூச்சியை நசுக்கியிருக்கிறார். மெத்தை சுத்தமாக இருந்தாலும், கட்டிலின் தலைப்பலகையும் சுவரும் சேருகிற இடுக்கைப் பாருங்கள். மரக் கட்டிலில் ஆணி அடித்த ஓட்டைகளே அதற்கு வீடு. பூச்சி நாறிப்போன ரூமில்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். வந்து போகிறவர்களின் பையிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டுதான் வருகிறது, நட்சத்திர ஓட்டலுக்கும் போகிறது.

அதை ஒழிப்பது பெரிய வேலை. ரூமை மூடி, கட்டிலைக் கழற்றி, மரத்தின் இடுக்கு ஒவ்வொன்றிலும் மருந்து அடித்து, விரிப்பு, தலையணை உறை, ஸ்கிரீன் துணி எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். மெத்தையை மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் கிடத்துவோம். ஒரு தடவை அடித்தால் போதாது. முட்டை தப்பித்துவிடும், சில நாள் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். தீனியில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய ஜந்து அது. ரூமைப் பூட்டிப் போட்டால் செத்துவிடும் என்று ஒரு முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். முகூர்த்த நாளில் அந்த ரூமையும் திறந்து கொடுக்கச் சொன்னார். மரக் கட்டில்களை எடுத்துவிட்டு இரும்புக் கட்டில் போடும் வரை விட்டேனா என்று அவரைப் பிடுங்கி எடுத்தேன்.

விரிப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒரு கட்டிலுக்கு மூன்று செட் வேண்டும். ஒன்று மெத்தைமேல், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு செட்டோடு சமாளிக்கிற லாட்ஜில் ஐப்பசி மழையில் சலவைத் துணி காயாமல், ஈர வாடையோடு விரிப்பார்கள். நுழைந்ததும் தலையணையை முகர்ந்து பாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். தலைச்சாயம், மஞ்சள், குங்குமம் இவை மூன்றும் வெள்ளைத் துணியை விட்டுப் போகாது. பழைய கறை இருப்பதால் விரிப்பு துவைக்காதது என்று ஆகாது. மடிப்பு பார்த்தால் தெரிந்துவிடும். சலவையிலிருந்து வந்த விரிப்பில் இஸ்திரி மடிப்பு கோடு போட்டது போல இருக்கும். உதறிப் போட்ட பழைய விரிப்பில் சுருக்கம் எல்லாப் பக்கமும் ஓடும்.

பிறகு பாத்ரூம். குழாயைத் திறந்தபடியே ஃப்ளஷ்ஷையும் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் வந்தால் மேலே தொட்டி நிரம்பியிருக்கிறது. வெந்நீர் எந்த நேரம் என்று கேளுங்கள். சோலார் வைத்த இடங்களில் காலையில் முதலில் எழுந்தவருக்குத்தான் வெந்நீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டு கிடந்தபோது லாரித் தண்ணீரை வைத்துத்தான் லாட்ஜை ஓட்டினோம். பாதி ரூமைப் பூட்டினோம். மீதி ரூம்களில் ஷவரைக் கழற்றிவிட்டு, ஆளுக்கு இத்தனை வாளி என்று சொல்லித்தான் சாவி கொடுத்தோம். யாரும் முகம் சுளிக்கவில்லை. கண் ஆபரேஷனுக்கு வந்த ஒரு பாட்டி, குளிக்காமலே தன் வாளியைப் பக்கத்து ரூம் கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்தனுப்பினாள்.

ஏசி ரூம், நான் ஏசி ரூம் விஷயத்தில் ஒரு சூட்சுமம். பல லாட்ஜில் இரண்டும் ஒரே ரூம்தான். நான் ஏசிக்குப் பணம் கட்டினால் ரிமோட் ரிசப்ஷனில் இருக்கும். மார்கழியில் வருகிறவர் நான் ஏசி கேட்டாலே சுவரில் ஏசி மாட்டிய நல்ல ரூம் கிடைக்கும், ராத்திரி புழுங்கினால் வித்தியாசத்தைக் கட்டி ரிமோட்டை வாங்கிக்கொள்ளலாம்.

அடையாள அட்டை இல்லாமல் எங்கும் ரூம் கிடைக்காது. தங்குகிற பெரியவர்கள் எல்லோருடைய அட்டையும் வேண்டும். வந்தவர், போகிறவர் ரிஜிஸ்டரைப் போலீஸ் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார்கள். பான் கார்டில் முகவரி இல்லை, அதை வாங்க மாட்டோம். ஆதார் கொடுக்க யோசனையாக இருந்தால் முதல் 8 இலக்கங்களை மறைத்த ஆதாரைத் தரவிறக்கிக் கொண்டுவரலாம். டிரைவிங் லைசென்ஸ், வாக்காளர் அட்டை இருந்தால் ஆதார் பேச்சே வேண்டாம்.

இந்தத் தொழிலில் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்று உண்டு. பரீட்சை எழுதவோ நேர்காணலுக்கோ தனியாக வருகிற பெண்ணிடம், ரூம் காலியாக இருந்தும் "ஃபுல்" என்று சொல்வது. அப்படிச் சொல்லச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. "வம்பு எதுக்கு?" என்கிற சோம்பேறித்தனம்தான். கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் லாட்ஜ் ரூமில் தங்கக் கூடாது என்றும் சட்டம் இல்லை. 2019 டிசம்பரில் கோயம்புத்தூர் வழக்கு ஒன்றில் சென்னை ஹைகோர்ட்டே அதைச் சொல்லிவிட்டது. இருந்தாலும் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவர் மனசுதான் பல இடங்களில் சட்டம். தனியாக வரும் பெண்கள் முதல் நாளே போன் செய்து, தனியாக வருவதைச் சொல்லி, பேசியவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. பேர் சொல்லிக் கொடுத்த வாக்கை மறுக்க யாருக்கும் கூச்சமாக இருக்கும். ரூமில் உள்தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா, ஜன்னல் பக்கத்து ரூமின் நடைபாதைக்குத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வாடகையைப் பற்றிக் கொஞ்சம். ஒரு காலத்தில் எங்கள் போர்டில் 999 என்றே இருக்கும். 1000 ரூபாய்க்குக் கீழே ஜி.எஸ்.டி. கிடையாது. 2022 ஜூலை 18 முதல் அதற்கும் 12 சதவீதம் போட்டார்கள். 999 என்கிற எண்ணுக்கு அத்தோடு மவுசு போயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் 7500 ரூபாய் வரையுள்ள ரூம்களுக்கு 5 சதவீதம். வருஷ வரவு 20 லட்சத்துக்குள் இருக்கிற குட்டி லாட்ஜ்களில் ஜி.எஸ்.டி. பதிவே இருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் வரி என்று தனியாகக் கேட்டால், பில்லில் ஜி.எஸ்.டி. எண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆப்பில் போட்டால் மலிவா, நேரில் வந்தால் மலிவா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூட்டமில்லாத நாளில் நேரில் மலிவு, ஆப்காரருக்குக் கொடுக்கிற கமிஷனில் பாதியை உங்களுக்கு விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனசு வரும். ஆப்பில் வந்த ரூமுக்கு நல்ல சாவி கிடைப்பதும் அரிது. ஆனால் வைகாசி, ஆவணி முகூர்த்தம், பொங்கலுக்குப் பிந்தைய ஞாயிறு, பெரிய அரசுத் தேர்வுக்கு முந்தின ராத்திரி இந்த நாட்களில் நேரில் வந்து அதிர்ஷ்டத்தைச் சோதிக்க வேண்டாம். காலண்டரில் முகூர்த்த நாள் பார்த்துவிட்டு ரயில் டிக்கெட் எடுப்பது உத்தமம். இரண்டு பேர் ரூமில் மூன்றாவது ஆளுக்கு எவ்வளவு, பாய் தலையணை தருவீர்களா என்பதையும் வாடகை பேசும்போதே பேசிவிடுங்கள். ராத்திரி 11 மணிக்கு மூன்றாவது ஆள் படியேறும்போது பேசினால் இரு பக்கமும் சூடாகத்தான் இருக்கும்.

வேலை முடிந்து அரை நாள் மிஞ்சுகிறவர்கள், "எங்க போகலாம்?" என்று கேட்பார்கள். கிழமையைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை எழும்பூர் மியூசியம் லீவு. செவ்வாய்க்கிழமை வண்டலூர் மிருகக்காட்சிசாலையும் கிண்டி பாம்புப் பண்ணையும் லீவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செவ்வாயன்று வண்டலூர் வரை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்த குடும்பங்களின் முகம் எனக்குத் தெரியும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக் கோயில்களுக்குப் பகல் 12 மணிக்கு மேல் போனால் சாயங்காலம் 4 மணி வரை வாசலில்தான் உட்கார வேண்டும். வெள்ளி தவிர மற்ற நாளில், நடு வெயில் நேரத்துக்கு மியூசியத்துக்கு ஈடு இல்லை. சந்திலிருந்து நடந்தே போகலாம். 1851இல் தொடங்கியது. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருக்கிற கட்டடத்துக்கு முதலில் போய்விட வேண்டும். திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்தபிறகு பிள்ளைகள் வேறெதையும் பார்க்க விட மாட்டார்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மெரினா.

கிளம்பும் நாளில், காலையிலேயே கவுண்டரில் கணக்கைப் பார்த்துவிடுங்கள். ராத்திரி 8 மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கி வருவார்கள். அட்வான்ஸில் மிச்சம் தரச் சில்லறை இருக்காது, ரூம் பாய் மேலே போய் டவலும் ரிமோட்டும் இருக்கிறதா என்று பார்த்து வர வேண்டும், லிஃப்ட் ஒன்றுதான். வண்டி 9 மணிக்கு என்றால் ரூமை 7 மணிக்கே காலி செய்துவிட்டு, பையை ரிசப்ஷனில் போட்டுவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டு வரலாம். தங்கியவர் பைக்கு எந்த லாட்ஜிலும் காசு கேட்க மாட்டார்கள்.

ரூமில் விட்டுப் போவது பெரும்பாலும் சார்ஜர். அது போனால் போகட்டும். தலையணைக்கு அடியில் பல்செட், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்கேன் ஃபிலிம், ஜன்னல் கம்பியில் காயப்போட்ட வேட்டி இவைதான் தலைவலி. ஃபிலிம் உறையில் பெயரும் ஆஸ்பத்திரி எண்ணும் இருக்கும், போன் நம்பர் இருக்காது. ரிஜிஸ்டரில் எழுதிய நம்பரைக் கூப்பிட்டால் அது ஊரில் இருக்கிற மகனுடையதாக இருக்கும், அவன் வேலையில் இருப்பான். ரிஜிஸ்டரில் நம்பர் எழுதும்போது கூட வருகிறவர் கையில் இருக்கிற போனின் நம்பரை எழுதுங்கள். வண்டி கிளம்ப அரை மணி நேரம் இருந்தால்கூட ரூம் பாயை ஓடவிட்டுப் பிளாட்பாரத்திலேயே கொடுத்துவிடுவோம்.